வாசலுக்கு வரும் சந்தை: துருக்கித் திராட்சைத் தோட்டங்கள் தரும் பாடம்

நம் விளைபொருளுக்கு விலை கூறுபவர் விற்பவரா, வாங்குபவரா? இவ்வினாவை ஆராய, துருக்கி நாட்டின் மேற்குக் கரையிலுள்ள இஸ்மிர் துறைமுகத்தை நோக்குவோம். உல்லாசப் பயணக் கப்பல்கள் அங்கே சில மணி நேரமே தங்குகின்றன. அதற்குள் பயணிகள் சிலர், மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊர்லாவுக்குச் சென்று, சிறு திராட்சை மதுச் சாலைகளைக் கண்டு திரும்புகின்றனர்.

ஊர்லாவில் திராட்சை தொன்மையான பயிர். ஆயினும், 1922-ஆம் ஆண்டில் முடிவுற்ற போரினாலும், 1923-ஆம் ஆண்டின் மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தினாலும் கிரேக்கக் குடும்பங்கள் வெளியேறவே, மதுத் தொழில் நலிவுற்றது. அண்மைக் காலத்தில் சிலர் மீண்டும் கொடி நட்டனர்; 'ஊர்லா கராசி' என்னும் உள்ளூர்க் கருந்திராட்சைக்கும் மறுவாழ்வு அளித்தனர்.

இனிக் கணக்கைக் காண்போம். முக்கால் லிட்டர் புட்டி ஒன்றுக்கு, ஒரு கிலோவுக்குச் சற்று மிகுதியான பழம் போதும். பழமாக விற்றால் அன்றைய சந்தை விலையே கிட்டும். புட்டியாக விற்றால் வரவு பன்மடங்கு. ஆனால், நட்ட கொடி பயன்தர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். பீப்பாயில் முதிரும் மதுவுக்குப் பல மாதங்கள் தேவை. அதுவரை போட்ட முதல் முடங்கிக் கிடக்கும். வரியும் கடுமையானது. மேலும், மது விளம்பரத்தை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. தம் பொருளின் சிறப்பைப் பத்திரிகையில் கூற இயலாத சிறு உற்பத்தியாளருக்கு, வாசலுக்கு வரும் விருந்தினரே பெருந்துணை.

ஆனால், ஒரே ஒரு தோட்டத்தைக் காண எத்தனை பேர் அவ்வளவு தூரம் வருவர்? இதனை உணர்ந்த உற்பத்தியாளர்கள், 'ஊர்லா பா யோலு', அதாவது 'ஊர்லா தோட்டச் சாலை' என்னும் ஒரே பெயரின்கீழ்த் தங்கள் தோட்டங்களை இணைத்தனர். ஒரு நாளில் பல தோட்டங்களைக் காணலாம் என்றதும் பயணம் பயனுள்ளதாயிற்று. போட்டியாளராகிய அண்டை வீட்டாரே, வாடிக்கையாளரை அழைத்து வருபவருமானார். வந்தவர் கொடியைக் காண்கிறார். பீப்பாய் அறையைக் காண்கிறார். செய்தவரின் வாயாலேயே செய்முறையைக் கேட்கிறார். கண்ட பொருளில் நம்பிக்கை பிறக்கிறது. நம்பிக்கைக்கு விலை உண்டு.

இச்சாலைகள் தனியார் தொழில்களே. எனினும், அதே வட்டாரத்தில் உலர்திராட்சை, அத்தி, பருத்தி, ஒலிவ எண்ணெய் ஆகியவற்றிற்குத் 'தாரிஷ்' என்னும் பெயரில் கூட்டுறவு ஒன்றியங்களும் உள்ளன. ஒன்றியத்தார் சரக்கை ஒன்று சேர்த்தனர். தோட்டத்தார் பெயரையும் பாதையையும் ஒன்று சேர்த்தனர். வழி வேறாயினும் கருத்து ஒன்றே.

மதுவை நாம் பரிந்துரைக்கவில்லை. விற்பனை முறையையே கற்கிறோம். அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் இவற்றை விவாதிக்கலாம்:

1. நம் தறியையோ தோட்டத்தையோ வாங்குபவர் கண்ணால் காண வழி செய்துள்ளோமா?

2. சரக்கு விற்றுப் பணம் வரும்வரை குடும்பத்தைத் தாங்கும் கடன் வசதி சங்கத்தில் உண்டா?

3. அண்டையிலுள்ள சங்கம் நமக்குப் போட்டியா, துணையா?

மூன்றாவது வினாவிற்கு ஊர்லா விடை கண்டுவிட்டது. நாமும் காண்போமாக!