டிராக்டரின் டிபரென்ஷியல் பூட்டு: சேற்றில் இறங்குமுன் சோதிக்கும் முறை

குறுவைக்கு நிலத்தைத் தொளி கலக்கும் நாட்களில் டிராக்டர் சேற்றில் அகப்பட்டுக்கொள்வது நம் உழவர்கள் கண்டிராத காட்சியன்று. ஒரு பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறிக்கும். மற்றொன்று கெட்டித் தரையில் இருந்தும் அசையாது. உடனே சிலர் சக்கரத்தோடு கட்டையைச் சங்கிலியால் பிணைத்து வண்டியை முடுக்குகின்றனர். இது உயிருக்கு உலை வைக்கும் செயல். சக்கரம் சுழல வழியின்றி இறுகிவிட்டால், எஞ்சினின் விசை வண்டியின் முன்பகுதியைத் தூக்கிவிடும். டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுபவரை நசுக்குவதற்கு ஓரிரு விநாடிகளே போதும்.

இத்தகைய இக்கட்டுக்கென்றே வண்டியில் டிபரென்ஷியல் பூட்டு அமைக்கப்பட்டுள்ளது. வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடங்கொடுப்பதே டிபரென்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதியின் வேலை. சேற்றில் இந்த நன்மையே தீமையாகிறது. நழுவும் சக்கரத்துக்கு எவ்வளவு பிடிப்பு உண்டோ, ஏறக்குறைய அவ்வளவு விசையே மறு சக்கரத்துக்கும் கிட்டும். பூட்டைப் போட்டால் இரு சக்கரங்களும் ஒரே அச்சுப்போல் சேர்ந்து சுழலும். கெட்டித் தரையில் உள்ள சக்கரம் வண்டியை வெளியே தள்ளும்.

நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிக்குப் பூட்டு எதற்கு என்று கேட்போர் உண்டு. அத்தகைய வண்டியில் முன் அச்சிலும் பின் அச்சிலும் தனித்தனி டிபரென்ஷியல் இருக்கிறது. முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் நழுவினால் அதுவும் நின்றுவிடும்.

பூட்டுக்கான மிதி பெரும்பாலான டிராக்டர்களில் இருக்கைக்குக் கீழே, குதிகாலால் அழுத்தும்படி இருக்கும். ஆண்டில் சில நாட்களே அதற்கு வேலை. மற்ற நாட்களில் சேறு காய்ந்து இறுகுகிறது, துரு ஏறுகிறது. மிதி இருக்கிறது என்பதாலேயே பூட்டு விழும் என்று கொள்வதற்கில்லை. ஆகவே மேட்டூர் அணை திறக்கும் ஜூன் மாதத்துக்கு முன்பே, வண்டி ஓய்வாக இருக்கும் நாளொன்றில் சோதித்துவிட வேண்டும்.

சமமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, கலப்பையைக் கழற்றிவிட்டு, எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுக. முன் சக்கரங்களுக்கும், தரையில் நிற்கப்போகும் பின் சக்கரத்துக்கும் இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கைப்பிரேக்கைத் தளர்த்துவதும், நான்கு சக்கர வண்டியாயின் முன் சக்கர இயக்கத்தை விலக்குவதும் மிக அவசியம். இவற்றை மறந்தால், பூட்டுப் போடாமலே சக்கரம் இறுகி நின்று சோதிப்பவரை ஏமாற்றும். பின்னர் மிதி வலப்புறம் இருந்தால் இடப்புறப் பின் சக்கரத்தை ஜாக்கியால் தரையை விட்டுச் சற்றே தூக்கி, அச்சுக்கு அடியில் உறுதியான முட்டுக்கட்டை வைக்க வேண்டும். உதவியாளர் வலப்புறத்தில் தரையில் நின்றபடியே கையாலோ கம்பாலோ மிதியை அழுத்தலாம். தூக்கிய வண்டியின்மேல் ஏறுவதும் அடியில் நுழைவதும் கூடா.

முதலில் மிதியைத் தொடாமல் சக்கரத்தைக் கையால் சுற்றுக. அது சுழல வேண்டும். டயருக்குள் நீர் நிரப்பியிருந்தால் பளு மிகுதி. இருவர் சேர்ந்து சுற்றலாம். அடுத்து மிதியை அழுத்திக்கொண்டே மெல்லச் சுற்றுக. உள்ளே பற்கள் நேருக்கு நேர் வரும்வரை சக்கரம் சிறிது நகரும். பிறகு டக்கென்று பிடித்து நின்றுவிடும். முதலிலேயே பிடிக்கவில்லையே என்று பதற வேண்டியதில்லை. பல சுற்றுச் சுற்றியும் பிடிக்காவிடில் பூட்டு வேலை செய்யவில்லை.

மிதி அசையவே மறுத்தால் பெரும்பாலும் துருவும் சேறுமே காரணம். சுத்தம் செய்து எண்ணெய் விட்டுப் பார்க்கலாம். தடையின்றித் தொளதொளவென்று இறங்கினால் இணைப்புக் கம்பி கழன்றிருக்கலாம், அல்லது சுருள்வில் முறிந்திருக்கலாம். வெளிப்புறம் எல்லாம் செம்மையாக இருந்தும் பிடிக்கவில்லையெனில் பற்களோ, அவற்றைத் தள்ளும் கவையோ தேய்ந்திருக்கும். அது பட்டறையில் பிரித்துப் பார்க்க வேண்டிய வேலை.

மிதியை விட்டதும் பூட்டு விலகுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சக்கரத்தை முன்னும் பின்னும் சற்று அசைத்தால் அது மீண்டும் தடையின்றிச் சுழல வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை. விலகாத பூட்டோடு சாலையில் ஓடும் டிராக்டர் வளைவில் திரும்ப மறுத்து நேரே ஓடப் பார்க்கும். என் கருத்தில், விழாத பூட்டைவிட விலகாத பூட்டே பெரிய ஆபத்து.

கையால் சுற்றிப் பார்ப்பதில் ஒரு குறை உண்டு. பற்களின் முனை மழுங்கியிருந்தால் கைவிசைக்குப் பிடித்து, எஞ்சின் விசைக்கு நழுவும். ஆகவே ஈரம் சற்றே உள்ள வயலில் ஒருமுறை வண்டியை இறக்கிப் பார்ப்பது நல்லது. ஒரு சக்கரம் நழுவத் தொடங்கியதும் கிளட்சை மிதித்து, சக்கரம் நின்றபின் பூட்டைப் போட்டு, தாழ்ந்த கியரில் மெல்ல நேராக நகர்த்த வேண்டும். இரு சக்கரங்களும் ஒன்றாகச் சுழன்றால் பூட்டு சரி. டகடகவென்று ஓசை எழுந்து விட்டுவிட்டுப் பிடித்தால் உடனே நிறுத்திவிடுக. சக்கரம் வேகமாகச் சுழலும்போது பூட்டைப் போட்டால் நல்ல பல்லும் உடையும். பூட்டுப் போட்டபடி திரும்பவும் கூடாது.

கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாகவோ பிற வகையிலோ டிராக்டரை வாடகைக்கு விடும் ஊர்களில், பஞ்சாயத்து உறுப்பினர்கள் இச்சோதனையைத் தம் முன்னிலையில் நடத்தச் சொல்லலாம். சோதித்த நாளையும், அன்று மணிமானி காட்டிய அளவையும், கண்ட குறையையும் வண்டியின் பதிவேட்டில் எழுதிவைத்தால் அடுத்த ஓட்டுநருக்கு உதவும். பழைய டிராக்டர் வாங்கச் செல்வோரும், விலை பேசுமுன் ஒரு ஜாக்கியையும் நான்கைந்து கட்டைகளையும் உடன் கொண்டுசெல்வது நலம்.