நம்பிக்கைகளும் உண்மைகளும்: வரிசை வேறு, வைத்தியம் வேறு

ராணிப்பேட்டை மாவட்டத்தின் நெமிலி, பனப்பாக்கம் பக்கம் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் வீட்டில் எழும் முதல் கேள்வி என்ன நோய் என்பதாக இருக்காது, எங்கே போவது என்பதாகத்தான் இருக்கும். அரசு மருத்துவமனை என்றால் அரக்கோணம் ஜி.எச்.சா, வாலாஜாவா, அடுக்கம்பாறையா, இல்லை கடன் வாங்கியாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யா? அல்லது கடைத்தெருவில் சாயங்காலம் உட்காரும் டாக்டரே போதுமா? இந்தப் பேச்சில் யாராவது ஒருவர் "கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலே ஒழுங்கா பார்க்க மாட்டாங்க" என்று சொல்லாமல் இருப்பதில்லை. இது நெமிலியின் குறை மட்டும் இல்லை. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ பாதி வழக்கமாக அரசு மருத்துவமனைக்குப் போவதில்லை என்று தெரியவந்தது. அவர்கள் முக்கியமாகச் சொன்ன காரணங்கள் மூன்று: தரம் சரியில்லை, காத்திருக்க முடியவில்லை, பக்கத்தில் இல்லை. பின்னிரண்டும் அவர்கள் பட்டு அறிந்தவை. முதலாவது, பெரும்பாலும் அந்த அனுபவத்திலிருந்து அவர்கள் செய்துகொண்ட ஊகம். மக்களின் மனக்குறை உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் பல இடங்களில் தவறிப்போகிறது, அந்தத் தவறுக்குக் கொடுக்கும் விலையும் பெரிது.

ஒழுங்காகப் பார்க்க மாட்டார்கள் என்பதைச் சோதிக்கப் பிரசவத்தைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டு உயிர் சம்பந்தப்பட்டது, தவறினால் ஊருக்கே தெரிந்துவிடும். அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. மொத்தப் பிரசவங்களில் 66.9 விழுக்காடு அரசு நிலையங்களில் நடந்தவை. அதாவது மூன்றில் இரண்டு. 2001-03-இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-இல் அது 54 ஆகிவிட்டது. அப்போது இந்தியச் சராசரி 97. ஆரம்ப சுகாதார நிலையங்களில் முறை வைத்து இருபத்து நான்கு மணி நேரமும் செவிலியர்களை நிறுத்தியதும், அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மேற்படிப்பு இடங்களில் பாதியை ஒதுக்கி அவர்களைக் கிராமங்களில் தங்கவைத்ததும் இந்த இறக்கத்துக்கு உதவிய ஏற்பாடுகளில் முக்கியமானவை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கிடைக்கும் 18,000 ரூபாய்க்காகத்தானே போகிறார்கள் என்று ஒருவர் மடக்கலாம். போகலாம், காசு அழைத்துவரும். ஆனால் ரத்தப்போக்கை நிறுத்துவது அந்தக் காசு இல்லை, பிரசவ அறையில் நிற்கும் ஆட்கள். அதே குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளில் 63.8 விழுக்காடு அறுவை சிகிச்சையில் பிறந்தன, அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடு. சிக்கலான பிரசவங்களைப் பெரிய அரசு மருத்துவமனைகளுக்குத் தள்ளிவிடும் வழக்கத்தையும் கணக்கில் எடுத்தால், கத்தி எங்கே தேவைக்கு மேல் வேலை செய்கிறது என்று ஊகிப்பது கடினமில்லை.

"அங்கே கொடுக்கிற மாத்திரைக்குப் பவர் இல்லை" என்பது அடுத்த நம்பிக்கை. அழகான அட்டைப்பெட்டி இல்லை, விளம்பரப் பெயர் இல்லை, விலையும் இல்லை. விலையில்லாததற்கு வீரியம் இருக்காது என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த மாத்திரைகளை வாங்கித் தருவது 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஒப்பந்தப்புள்ளி வழியே மருந்தின் மூலப்பெயரில் மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் ஒதுக்கி வைத்து, மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய தொகுப்புகளை மட்டும் மருத்துவமனைகளுக்கு விடுவது அதன் நடைமுறை. பிற்பாடு கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்களுக்கும் இப்படி ஒரு கழகம் வைத்துக்கொண்டன. சில நேரங்களில் மருந்து இருப்பில் இருப்பதில்லை, "வெளியே வாங்கிக்கோங்க" என்று சீட்டு எழுதித் தருகிறார்கள். அது நியாயமான புகார். ஆனால் இல்லாத மருந்தைப் பற்றிய கோபத்தை இருக்கும் மருந்தின் மேல் ஏற்றி, ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் தங்களுக்கே கேடு செய்துகொள்கிறார்கள்.

காசு கொடுத்தால் வைத்தியம் நன்றாக இருக்கும் என்பதை இனிப் பார்க்கலாம். 2017-18-இன் தேசிய மாதிரி ஆய்வு, பிரசவம் நீங்கலாக ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் அகில இந்திய அளவில் ஆகும் சராசரிச் செலவைக் கணக்கிட்டது. அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். ஏழு பங்கு பணம் கொடுத்தால் ஏழு பங்கு குணமா கிடைக்கிறது? மறுதரப்பின் கையிலும் கனமான சான்று ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஜிஷ்ணு தாஸும் கார்த்திக் முரளிதரனும் பிற ஆய்வாளர்களும் மத்தியப் பிரதேசத்தில் நோயாளிபோல் நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை அனுப்பிச் சோதித்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே மருத்துவர் அரசுப் பணியில் இருக்கும்போது காட்டும் கவனத்தைவிடத் தம் சொந்த கிளினிக்கில் கூடுதல் கவனம் காட்டினார், சரியான சிகிச்சையையும் அங்கேதான் அதிகமாகத் தந்தார். பணியிலுள்ள மருத்துவர் வெளியே கிளினிக் நடத்தத் தடையில்லாத தமிழ்நாட்டுக்கும் இது உறைக்க வேண்டும். ஆனால் இந்த ஆய்வு எதைக் காட்டுகிறது? இரண்டு இடத்திலும் படிப்பு ஒன்று, ஆளும் ஒருவரே. மாறியது, நோயாளிக்கு அவர் ஒதுக்கிய நிமிடங்களும் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற உணர்வும். அறிவு இருக்கிறது, அதைச் செலவிடும் கட்டாயம் இல்லை. இது நிர்வாகத்தைக் கேட்க வேண்டிய கேள்வி. தனியாரிடம் ஓடினால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளே மிஞ்சாது.

குறை வைத்தியத்தில் இல்லை, நடத்தும் விதத்தில்தான் என்பதற்கு வேலூர்ப் பக்கத்தவர்களிடம் வேறொரு சான்றும் உண்டு, அதை அவர்களே கவனிப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி.யில் இன்று வங்காளத்திலிருந்து வந்தவர்கள்கூட நாள்கணக்கில் அறை எடுத்துத் தங்கிக் காத்திருக்கிறார்கள். விடியற்காலையில் போய் இருட்டியபின் திரும்புகிறவர்கள் யாரும் சி.எம்.சி. மோசம் என்று சொல்வதில்லை. "கூட்டம் அப்படி, வைத்தியம் அப்படி" என்று பெருமையாகத்தான் சொல்கிறார்கள். ஜி.எச்.சில் அரைநாள் நின்றால் அதே கூட்டம் மோசத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. ஆகவே காத்திருப்பது மட்டுமே மக்களைக் கசக்க வைக்கவில்லை. எந்த அறைக்கு, எத்தனை மணிக்கு, யாரிடம் என்று சி.எம்.சி.யில் ஒரு தாள் சொல்லிவிடுகிறது. இங்கே சீட்டு போட்டபின் டாக்டர் வருவாரா, ஸ்கேன் இன்றைக்கா நாளைக்கா, எதற்காக வேலூருக்கு அனுப்புகிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. கேட்டால் எரிந்து விழுகிறார்கள். இன்னொன்றும் இதில் அடங்கியிருக்கிறது: சி.எம்.சி. லாபத்துக்கு நடக்கும் நிறுவனம் இல்லை. தனியார் என்ற ஒரே சொல்லில் அதையும் மூலைக்கடை கிளினிக்கையும் சேர்த்துக் கட்டுவதால்தான் அதன் புகழ் இதற்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அரசு வைத்தியம் இலவசம், இலவசத்துக்கு மதிப்பில்லை என்கிறார்களே, உண்மையில் அது இலவசமே இல்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் பீஸ் கணக்கில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் பெண்ணுக்கு ஜி.எச். என்றால் ஒருநாள் கூலி போச்சு. புறநோயாளிப் பிரிவு பெரும்பாலும் மதியத்தோடு முடிந்துவிடுகிறது, அவள் வேலை முடிவதோ சாயங்காலம். கிளினிக்குக்குக் கொடுக்கும் பணம் இழக்கும் கூலியைவிடக் குறைவு என்றால், அவள் செய்வது சரியான கணக்குதான். அதை அறியாமை என்று திட்ட யாருக்கும் உரிமையில்லை. காத்திருப்பு மேல் கோபம் நமக்கு மட்டும் உரியதும் இல்லை. பிரிட்டனில் 1948 முதல் நடக்கும் தேசிய மருத்துவச் சேவையில் 2010-இல் 70 விழுக்காட்டினர் திருப்தியாக இருந்தார்கள். 2024-இல் அது 21 விழுக்காடாகச் சரிந்தது. அங்கும் முன்னணிப் புகார் காத்திருப்புதான். ஆனாலும் காசு வாங்காமல் எல்லோருக்கும் வைத்தியம் என்ற கொள்கையைப் பெரும்பான்மையோர் கைவிடவில்லை. சேவை மேல் கோபப்படுவதையும் சேவையே வேண்டாம் என்பதையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை. புறநோயாளிப் பிரிவின் நேரத்தை மாற்ற முடியாது என்றும் நினைக்க வேண்டாம். 2023-இல் தமிழக நகரங்களில் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்களுக்கு மாலை 4 மணி முதல் 8 மணி வரையும் வேலை நேரம் உண்டு. பேரூராட்சியான நெமிலிக்கும் அது ஏன் ஆகாது?

"முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு, இனி ஜி.எச். எதுக்கு" என்ற பேச்சுக்குச் சுருக்கமான பதில் போதும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தரும் அந்த அட்டை, முக்கியமாகப் பட்டியலிலுள்ள உள்நோயாளிச் சிகிச்சைகளுக்கானது. சர்க்கரை மாத்திரைக்கும் காய்ச்சலுக்கும் அட்டையை நீட்ட முடியாது. வீட்டுப் பணம் மாதாமாதம் கரைவது அங்கேதான்.

தோல் தொழிலாளிக்கு இந்த நம்பிக்கைகளால் விழும் அடி மிகப் பெரியது, தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. விஷயத்தில். அதை அரசு போடும் பிச்சை என்று நினைப்பவர்கள் சம்பளச் சீட்டைப் பார்க்கட்டும். 2019 ஜூலை முதல் தொழிலாளியிடம் 0.75 விழுக்காடு, முதலாளியிடம் 3.25 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. 15,000 ரூபாய் சம்பளத்துக்கு இரண்டும் சேர்ந்து மாதம் 600 ரூபாய். "டிஸ்பென்சரியில் ஒரே மாத்திரையைத்தான் எல்லாத்துக்கும் தருவாங்க" என்று சலித்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனால் மாத்திரை கிடைக்கும், உரிமை கிடைக்காது. நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு. அதற்குப் பொதுவாக இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று வேண்டும். இன்னும் பெரியது தொழில்நோய். குரோம் பதனிடும் பட்டறையில் ஈரத்தோலைக் கையாளுகிறவர்களுக்குக் கைகளில் அரிப்பும் வெடிப்பும் வருவது எல்லோரும் அறிந்தது. கிளினிக்கில் களிம்பு தருவார்கள், அடங்கும். வேலைக்குப் போனால் திரும்பவும் வரும். குரோமியத்துக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் தோல் அதை எளிதில் மறப்பதில்லை. 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் வகுத்த தொழில்நோய்ப் பட்டியலில் குரோமியத்தால் வரும் நோய்கள் இருக்கின்றன. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பட்டியல் தொடர்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலையில் இருந்தவருக்கு வரும் நோய், வேலையில் நேர்ந்த காயத்துக்குச் சமம். ஆனால் "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று மருத்துவர் கேட்டு ஏட்டில் எழுதினால்தான் அது தொழில்நோய், இல்லாவிட்டால் வெறும் சொறி. நோயாளிக்கு இரண்டே நிமிடம் ஒதுக்கும் டிஸ்பென்சரியில் அந்தக் கேள்வி எழுவதில்லை, கிளினிக்கில் எழுந்தாலும் பயனில்லை. வீட்டிலேயே அப்பர் தைக்கும் பெண்களோ பெரும்பாலும் இந்த ஏட்டுக்குள்ளேயே வருவதில்லை.

இது நெமிலி வட்டத்துக்கு இப்போது அவசரமான சங்கதி. பனப்பாக்கம் சிப்காட் தொழிற்பூங்காவில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. காலணி ஆலைக்கும் அங்கே இடம் தந்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோரின் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் தொடங்கும்போது அவர்களுக்கான டிஸ்பென்சரி எந்த ஊரில் இருக்கும், ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு அது திறந்திருக்குமா, அங்கே தோல் மருத்துவர் வாரத்தில் ஒருநாளாவது வருவாரா என்று கேட்டு எழுதி வாங்க வேண்டியவர்கள் ஊராட்சிகளும் தொழிற்சங்கங்களும். கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டும். இ.எஸ்.ஐ.க்குள் சேருவதற்கான சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாய் என்று வைக்கப்பட்டு, விலைவாசி ஏறியும் பல ஆண்டுகள் அங்கேயே நின்றது. அந்த வரம்பு உயராதவரை, புதிய ஆலையில் அதைவிட ஆயிரம் ரூபாய் கூடுதலாகச் சம்பளம் பேசிச் சேரும் இளைஞர் முதல் நாளிலிருந்தே இ.எஸ்.ஐ.க்கு வெளியில்தான் நிற்பார்.