மார்கழி வாசலில் ஒரு கணக்கு

பி.எஸ்ஸி. (கணிதம்), இரண்டாம் ஆண்டு

மார்கழியும் தையும் முன்பனிக் காலம். போர்வையை விட்டு எழ மனம் வராத இந்நாட்களில்தான் நம் ஊர் வாசல்கள் ஆண்டிலேயே மிக அழகாக விளங்குகின்றன. பொழுது புலருமுன் வாசல் பெருக்கி, சாணம் தெளித்து, கோலமிட்டு, நடுவே சாண உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வைக்கின்றனர். வருவோரை வீடு வரவேற்கும் முறை அது. கோலமில்லாத வாசலைக் கண்டால், அவ்வீட்டில் துக்கமோ என்று ஊரார் தயங்கி நிற்பர்.

இவ்வழகுக்குப் பின்னே ஒழுங்கான கணக்கு ஒன்று உண்டு. அதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் புள்ளிகளைப் பார்ப்போம். நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என அவை இருவகைப்படும். நேர்ப்புள்ளியில் 1, 3, 5, 7, 5, 3, 1 என வரிசைகள் வைத்தால் மொத்தம் 25 புள்ளிகள். இதில் 1+3+5+7 = 16; இது 4-இன் வர்க்கம். எஞ்சிய 5+3+1 = 9; இது 3-இன் வர்க்கம். ஒற்றைப்படை எண்களை 1 முதல் வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்று நாம் படித்தது வாசலிலேயே கிடக்கிறது! ஊடுபுள்ளியில் நடுவரிசை 15, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8 வரை என்றால், 169 புள்ளிகள் கொண்ட அறுகோணம் அமையும்.

அடுத்தது சிக்குக் கோலம். செவ்வகமாக நேர்ப்புள்ளி வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லுமாறு இழுப்போம். வெட்டுமிடத்தில் திரும்பாமல் நேரே செல்ல வேண்டும். 3-க்கு 4 புள்ளியானால் ஒரே கம்பியில் கோலம் முடியும். 4-க்கு 6 ஆனால் இரண்டு கம்பிகள் வேண்டும். 3-க்கு 3 ஆனால் மூன்று. அதாவது, இரு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அதுவே கம்பிகளின் எண்ணிக்கை. ஐயமுள்ளோர் தாளில் வரைந்து பார்க்கலாம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தாயார் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். மீப்பெரு பொது வகுத்தி என்ற பெயரையே கேட்டறியாதவர். ஆயினும், "நாலுக்கு நாலு வச்சா ஒரே கம்பியா ஓடாது, ஒரு வரிசையைக் கூட்டி வை" என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 4-க்கும் 5-க்கும் பொது வகுத்தி 1 என்பதை அவர் கை அறிந்திருக்கிறது. இதைக் கணிதம் அன்று என்று கூற நமக்கு என்ன உரிமை?

அறிஞர்கள் இதனைப் புறக்கணிக்கவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களின் அமைப்பை விதிகளால் விளக்கும் ஆய்வுக் கட்டுரையை 1974-இல் வெளியிட்டனர்.

வாசல் சிறக்கச் சில குறிப்புகள்: தெளித்த ஈரம் முழுதும் உலருமுன் கோலமிட்டால் மாவு தரையில் நன்கு பற்றும். ஓரத்தில் செம்மண் பூசினால் வெண்மை எடுப்பாகத் தெரியும். கல் பொடி பளிச்சென்று இருந்தாலும், எறும்புக்கும் அணிலுக்கும் இரையாவது அரிசி மாவே.

இன்று ஒட்டுக் கோலங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை ஒட்டிவிடலாம், ஆனால் எண்ணிப் பழகிய கையை அவை தாரா. ஆகவே நண்பர்களே, இவ்விடுமுறையில் வீட்டிலுள்ள பழைய கோல நோட்டைக் கேட்டு வாங்குங்கள். நோட்டு இல்லையேல் அன்னையரிடம் கேட்டு நீங்களே எழுதி வையுங்கள். மாணவர்களும் மாவுக் கிண்ணத்தைக் கையிலெடுக்கலாம். கணக்குக்கு ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை.