ஆயிரம் மடங்கு தண்ணீர் எங்கிருந்து வரும்?

"ஆயிரம் மடங்கு" என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. மார்கழி பிறந்தால் போதும். கோவையில் என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்து, சொட்டுக்குழாய் வைத்த ஒரு சின்னக் கண்ணாடி சீரம் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைக்கிறார்கள். "ஏனுங்க டாக்டர், இந்த ஹையலுரானிக் ஆசிட் தன்னோட எடையப் போல ஆயிரம் மடங்கு தண்ணி புடிச்சு வெக்குமாமுங்க. மாசக்கணக்கா போடறனுங்க, மூஞ்சி இன்னும் இழுக்குதுங்களே?"

இழுக்கத்தான் செய்யும். அந்த பாட்டிலை மட்டும் நம்பினால் கை கால் வெள்ளை பூப்பதும் உதடு வெடிப்பதும் தை கடந்தும் நிற்காது.

முதலில் அந்தப் பொருளுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். ஹையலுரானிக் ஆசிட் போலிச் சரக்கு அல்ல. 1934இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக்கண்ணின் உள்ளே இருக்கும் கூழிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். நம் தோலின் உட்பகுதியிலும் மூட்டுகளிலும் அது இயல்பாகவே இருக்கிறது. மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்காலில் ஊசியாகப் போடுகிறார்கள். கண்புரை அறுவையிலும் அதற்கு வேலை உண்டு. அங்கெல்லாம் அது செய்கிற வேலையை, முகத்தின் மேல் நாலு சொட்டு தடவினாலும் செய்துவிடும் என்று நினைப்பதில்தான் கோளாறு.

ஆயிரம் மடங்குக் கதைக்கு ஒரு மூலம் இருக்கிறது. நீர்த்த கரைசலில் இதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலி சுருள்சுருளாக விரிந்து, தன் கன அளவைப்போல ஆயிரம் மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த இடம் முழுக்கத் தண்ணீர்தான். ஆனால் அதில் சிறு பங்குதான் சங்கிலியோடு ஒட்டி நிற்கும். மற்றதெல்லாம் இஷ்டம்போல் உள்ளே வரும், வெளியே போகும், காற்றுப் பட்டால் ஆவியாகும். தண்ணீருக்குள் கரைந்து கிடக்கும்போது அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்ற அளவை, வறண்ட காற்றில் இருக்கிற உங்கள் கன்னத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அறை ஈரப்பதத்தில் இதே பொருளைத் தூளாக வைத்துப் பார்த்தால், காற்றிலிருந்து அது எடுத்துக்கொள்ளும் நீர் தன் எடையில் ஒரு பங்குக்குள்தான் அடங்கும். ஆயிரம் மடங்காம்!

பள்ளிக்கூடக் கணக்கே போதும், போட்டுப் பாருங்கள். 30 மில்லி பாட்டில். முகப்பில் பெரிய எழுத்தில் 2 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் உள்ளே இருப்பது சுமார் 0.6 கிராம். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அந்தப் பொருள் பாட்டிலுக்குள்ளேயே தன் எடையைப்போல ஏறத்தாழ 50 மடங்கு நீரில் ஊறித்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறது. ஒரு வேளைக்கு நாலு சொட்டு, அதாவது ஏறக்குறைய 0.2 மில்லி எடுத்தால், அதில் 4 மில்லிகிராம் இருக்கும். வாதத்துக்காக ஆயிரம் மடங்கை ஒப்புக்கொண்டாலும் 4 கிராம் தண்ணீர், ஒரு சிறிய கரண்டி அளவு. அதையும் எங்கிருந்து பிடிக்கும்? தடவிய சீரத்தின் தண்ணீர் ஃபேன் காற்றில் சில நிமிடங்களில் பறந்துவிடும். சுற்றியுள்ள காற்றில் ஈரம் இருந்தால் ஏதோ கொஞ்சம் கிடைக்கும். நீங்கள் சீரம் வாங்கியதே காற்றில் ஈரம் இல்லை என்பதால்தானே?

பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்த்த பொருள்களை அளவில் அதிகமானது முதலில் வரும்படிதான் அச்சிட வேண்டும். முதலில் 'அக்வா', அதாவது தண்ணீர். அடுத்த இடங்களில் பெரும்பாலும் கிளிசரினோ புரொப்பனடையாலோ இருக்கும். நம் ஹையலுரானிக் ஆசிட், சோடியம் ஹையலுரொனேட் என்ற பெயரில், அதற்கும் பின்னால்தான் எட்டிப்பார்க்கும். சீரம் போட்டதும் முகம் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறதே, அதில் கிளிசரினுக்குப் பெரும்பங்கு. நாட்டு மருந்துக் கடையிலும் மெடிக்கல் ஷாப்பிலும் மலிவாகக் கிடைக்கும் அதே கிளிசரின்.

இப்போது ஒன்று செய்து பாருங்கள். உலர்ந்த புறங்கையில் ஒரு சொட்டு சீரம் தடவி ஃபேனுக்குக் கீழே கால்மணி நேரம் உட்காருங்கள். முதலில் வழுவழுவென்று இருக்கும், பிறகு பிசுபிசுக்கும், கடைசியில் மெல்லிய படலமாகக் காய்ந்து தோலைப் பிடித்து இழுக்கும். அதன்மேல் விரலை வைத்துத் தேய்த்தால் அழுக்குத் திரட்டு மாதிரி உருண்டு உருண்டு வரும். அதைப் பார்த்துவிட்டு "உள்ளே இருந்த அழுக்கு வெளியே வருகிறது" என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. அது அழுக்கல்ல அம்மா, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சீரம்.

தோல் ஏன் வறள்கிறது என்பது தெரிந்தால் இத்தனை குழப்பம் வராது. தோலின் மேலடுக்கு ஒரு தாளைவிட மெல்லியது, 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். பாடப் புத்தகத்தில் அதைச் செங்கல் சுவர் என்றுதான் சொல்லித்தருவார்கள்: இறந்த செல்கள் செங்கல், இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த சாந்து. சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் நீர் கசிந்து ஆவியாகிவிடும். மேலடுக்கில் ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அது விறைத்து, செதில் விட்டு, வெடிக்கும். 1952இல் அமெரிக்காவில் இர்வின் பிளாங்க் என்ற ஆய்வாளர் காய்த்துப்போன பாதத் தோல் துண்டுகளைக் காயவைத்துச் சோதித்தார். எண்ணெயில் எவ்வளவு ஊறப்போட்டும் அவை வளையவில்லை. தண்ணீர் சேர்ந்ததும் வளைந்தன. "பார்த்தீர்களா, தண்ணீர்தானே வேண்டும்?" என்று சீரக் கட்சிக்காரர்கள் துள்ளுவார்கள். வேண்டும்தான். ஆனால் தண்ணீர் உடம்புக்குள்ளிருந்து மேலே வந்துகொண்டேதான் இருக்கிறது. அதை ஓடவிடாமல் பிடித்து நிறுத்த மேலே ஒரு மூடி வேண்டும். சீரத்தில் அந்த மூடி கிடையாது. கிரீமில், ஆயின்ட்மென்டில், சாதாரணப் பெட்ரோலியம் ஜெல்லியில் இருக்கிறது.

குளிர்காலக் காற்றின் சங்கதியையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குளிர்ந்த காற்றால் அதிகம் நீராவியைச் சுமக்க முடியாது. டொராண்டோவுக்குப் படிக்கப் போன நம் பிள்ளைகள் போன் போட்டு அழுவது இதனால்தான். வெளியே மைனஸ் 10 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றில் அதிகபட்சம் 2 கிராமுக்குச் சற்று மேல்தான் நீராவி இருக்க முடியும். அதே காற்றை வீட்டுக்குள் 21 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 18 கிராம்வரை சுமக்கத் தயாராக நிற்கும். கணக்குப்படி ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டாது. சமையலும் குளியலும் கொஞ்சம் ஏற்றலாம், அவ்வளவுதான். அந்தக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சித் தரும் என்று சொல்லி மகளுக்கு இங்கிருந்து பார்சலில் சீரம் அனுப்புகிறார்கள்! ஊட்டியில் உறைபனி விழும் நாளில் ஹீட்டர் போட்ட அறையிலும் இதே கதை, அளவுதான் குறைவு. சென்னையில் கடற்காற்று ஈரமானது. ஆனால் நாள் முழுக்க ஏசி அறையில் இருக்கிறவருக்கு அந்தக் கடற்காற்றால் என்ன பயன்? ஏசி அறையின் ஈரத்தைப் பிடித்துக் குழாய் வழியாக வெளியே சொட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, வாங்கலாமா வேண்டாமா? கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் கிரீம் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். கிளிசரினும் பெட்ரோலேட்டமோ டைமெத்திகோனோ செராமைடோ சேர்ந்த, வாசனை போடாத கிரீம். கை கால் சொரசொரப்புக்கு 10 சதவீத யூரியா கிரீம். வெடிப்பில் மட்டும் தடவாதீர்கள், எரியும். எண்ணெய் வழியும் முகக்காரர்கள், கிரீம் போட்டாலே பரு வருகிறது என்பவர்கள், மேக்கப்புக்கு முன்னால் லேசாக ஏதாவது வேண்டும் என்பவர்கள் சீரம் வாங்கட்டும், தப்பில்லை. முகம் ஈரமாக இருக்கும்போதே தடவி, காய்வதற்குள் மேலே தங்கள் முகத்துக்கு ஒத்துக்கொள்ளும் கிரீம் போட வேண்டும். அந்தக் கிரீமிலேயே கிளிசரின் இருந்தால் சீரம் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன்.

இதற்கு நேர் எதிரான வதந்தியும் சுற்றுகிறது. "சீரம் தோலுக்குள்ளிருந்து தண்ணியை உறிஞ்சி எடுத்துடும், போட்டா முகம் சுருங்கிடும்." முன்னவர்கள் அமிர்தம் என்றால் இவர்கள் விஷம் என்கிறார்கள். பெரிய மூலக்கூறு மேலேயே தங்கிவிடும், மிகச் சிறியதாக வெட்டியது மேலடுக்குக்குள் சற்று இறங்கும். நாலு மில்லிகிராம் பொருள் உங்கள் முகத்தை உறிஞ்சிக் காயவைக்காது. மேலே மூடி போடாததால் காய்கிறது, அவ்வளவே.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். கிளிசரின் முகத்தைக் கறுப்பாக்கும் என்பது பொய். தடவிவிட்டு வெயிலில் சுற்றினால் கறுப்பாக்குவது வெயில். பெட்ரோலியம் ஜெல்லி என்றால் பெட்ரோல் என்று பயப்படுவது அறியாமை. மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்தது குழந்தைகளுக்கே போடுகிறோம், நீர்க்கசிவைத் தடுப்பதில் அதை வெல்ல ஆள் இல்லை. தினமும் நாலு லிட்டர் தண்ணீர் குடித்தால் தோல் பளபளக்கும் என்கிறார்கள். தாகத்துக்குக் குடியுங்கள். அதற்கு மேல் குடிப்பது கழிப்பறைக்குத்தான் போகும், கன்னத்துக்கு அல்ல. தேங்காய் எண்ணெய் பட்டிக்காட்டுச் சமாச்சாரம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு: பிலிப்பைன்ஸில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு, வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலுக்கு இணையாக வேலை செய்தது என்று காட்டியது. பரு உள்ள முகத்தில் மட்டும் வேண்டாம். இறக்குமதி ஆலிவ் எண்ணெயைக் கைக்குழந்தைக்குத் தேய்க்கிறவர்கள் நிறுத்திவிடலாம். அது தோலின் காப்பைக் குலைக்கிறது என்று இங்கிலாந்தில் 2013இல் வந்த ஆய்வு சொல்கிறது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. எலுமிச்சைச் சாற்றில் கிளிசரின் கலக்கும் பாட்டி வைத்தியத்தில் எலுமிச்சையை மட்டும் ரசத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

இத்தனை பாட்டில்களைப் பற்றிப் பேசுகிறோம், குளியலறையில் இருக்கும் சோப்பைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. என் கோபமெல்லாம் அதன்மேல்தான். தோலின் மேற்பரப்பு இயல்பில் லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஹெச் 5 அளவில் இருக்கும். சோப்புக்கட்டி 9, 10 என்று காரமாக வந்து அந்தச் சாந்தைக் கரைத்துக்கொண்டு போகிறது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர், உடம்பு முழுக்க இரண்டு தரம் சோப்பு, நைலான் நார் போட்டு ஒரு தேய். பிறகு வந்து பல நூறு ரூபாய்க்குச் சீரம். டிஎஃப்எம் 76 சதவீதம் என்று உறையில் பார்த்துவிட்டு "முதல் தரச் சோப்புங்க" என்று வாதாடுகிறார்கள். அந்த எண் சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்பதற்கான தர அளவு. உங்கள் தோலுக்கு அது மென்மையானதா என்று அது சொல்லாது, 76 இருந்தாலும் காரம் காரம்தான். குளிர்காலத்தில் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் சோப்பு போதும். கை கால் முதுகுக்கு இளஞ்சூட்டுத் தண்ணீரே தாராளம். வயதானவர்களின் முழங்காலுக்குக் கீழே களிமண் தரை வெடித்தது போல் கோடு விழுந்து சொறிகிறதே, சோப்பை நிறுத்தி, குளித்துத் துண்டால் ஒற்றிய மூன்று நிமிடத்துக்குள் கிரீம் போட்டாலே அதில் பெரும்பாதி அடங்கும்.

இரண்டு வாரம் ஒழுங்காகக் கிரீம் போட்டும் அடங்கவில்லையென்றால், அடுத்த பாட்டிலைத் தேடாதீர்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும், சர்க்கரை ஏறினாலும் தோல் இப்படி வறளும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ராத்திரியில் அரிப்பு கூடுகிறது, விரலிடுக்கில் பொரி இருக்கிறது, வீட்டில் இன்னொருவரும் சொறிகிறார் என்றால் அது பனிக்கால வறட்சியே அல்ல, சிரங்கு. வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். எல்லோரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் வாருங்கள்.