முதுமையில் பல் முரசைப் பேணுதல்

பல்லைத் தாங்கி நிற்கும் சதையை ஈழத்தவர் முரசு என்பர். தமிழகத்தார் ஈறு என்பர். வயது ஏறினால் முரசு சுருங்குவதும், பல் ஆடுவதும், ஈற்றில் பல் விழுவதும் இயற்கை என்ற எண்ணம் எம்மவரிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் சரியன்று. அதனை எடுத்துக்காட்டிய ஆய்வுகளுள் இரண்டு நமக்கு மிக நெருங்கியவை. ஒன்று, யூலன்ட் நிலப்பரப்பிலேயே, ஓகூஸ் நகரில் நிகழ்ந்தது. மற்றையது இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் நிகழ்ந்தது.

நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ, ஓகூஸ் பல் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த காலத்தில், தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து 1965இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நலமான முரசு உடைய 12 பேர் பல் துலக்குவதை முற்றாக நிறுத்தினர். ஏறத்தாழ 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவரது முரசும் அழற்சியுற்றது. அவர்கள் மீண்டும் துலக்கத் தொடங்கியதும், ஒரு வார அளவில் முரசு பழைய நிலைக்குத் திரும்பியது. பல்லின் மீது படியும் கிருமிப் படலமே அழற்சிக்குக் காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று.

பின்னர் 1970இல், லோவும் அவருடைய குழுவினரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்து, 15 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தனர். அவர்களுக்குப் பற்றூரிகைப் பழக்கமும் இல்லை, பல் வைத்திய வசதியும் இல்லை. சூத்தைப் பல் அவர்களிடம் மிக அரிது. ஆயினும் முரசு நோய் பரவலாக இருந்தது. 1986இல் வெளியான முடிவின்படி, 81 வீதத்தினரிடம் நோய் மிதமான வேகத்தில் முன்னேறியது. 8 வீதத்தினரிடம் அது விரைந்து பரவி, 45 வயதளவில் அவர்கள் ஏறத்தாழ எல்லாப் பற்களையும் இழந்திருந்தனர். எஞ்சிய 11 வீதத்தினருக்கு, துலக்காத போதும், முரசு அழற்சிக்கு மேல் நோய் வளரவில்லை. மலையக மக்களுக்குச் சிகிச்சை எட்டாதிருந்த நிலையே ஆய்வுக்கு வாய்ப்பாக அமைந்தது என்பது மனத்தை நெருடவே செய்கிறது. எனினும் அவர்களது வாய்களிலிருந்து பெற்ற அறிவை இன்று உலகப் பல் வைத்தியர் அனைவரும் கற்கின்றனர்.

45 வயதில் பல்லிழந்தவர் முதுமையால் இழந்தவரல்லர். நோய் பல்லாண்டு வலியின்றி வளர்வதால், அதன் விளைவு முதுமையில் வெளிப்படுகிறது. பழியும் முதுமையின் மேல் விழுகிறது. டென்மார்க் மக்கள் பரடென்டோஸ என்று வழங்கும் நோய் இதுவே. முரசுக்கும் வேருக்கும் இடையில் பை போன்ற இடைவெளி உண்டாகி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் தானாக மீளாது. மேலும் கரையாமல் தடுப்பது எந்த வயதிலும் இயலும்.

துலக்கும்போது இரத்தம் கசிந்தால், அவ்விடத்தைத் தொடாது விடுவதே பலரது வழக்கம். செய்யவேண்டியது அதற்கு நேர்மாறானது. மென்மையான தூரிகையால், முரசும் பல்லும் சேரும் ஓரத்தில், காலையும் இரவும் இரண்டு நிமிடம் துலக்குதல் வேண்டும். முரசு இறங்கியவரின் பல் இடைவெளிகளுக்குள் தூரிகை புகாது. மருந்தகங்களிலும் கடைகளிலும் கிடைக்கும் பல்லிடைத் தூரிகை அதற்கு உதவும். எந்த அளவு பொருந்தும் என்பதைப் பல் வைத்தியரிடமே கேட்டறிக. இரண்டு வாரத்திலும் கசிவு நிற்காவிடின் பரிசோதனை அவசியம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர், கசிவைக் கண்டு தாமாக மருந்தை நிறுத்தலாகாது. புகைப்போருக்கு நோய் முற்றியிருந்தும் கசிவு தோன்றாமல் இருக்கலாம். கசிவின்மை அவர்களுக்குச் சான்றாகாது. புகையிலை சேர்த்த வெற்றிலையும் வாய்க்குக் கேடே.

உமிக்கரி பற்றி ஒரு சொல். இறங்கிய முரசின் கீழ் வெளிப்படும் வேருக்கு எனாமல் என்னும் கவசம் இல்லை; கரி அதனைத் தேய்த்துவிடும். புளோரைட் கலந்த பற்பசையே தக்கது.

எம்மவரிடையே நீரிழிவு மிகுதி என்பதால் இதனைச் சற்று அழுத்திக் கூறவேண்டியுள்ளது. நீரிழிவும் முரசு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பன. சர்க்கரை கட்டுப்பாட்டை மீறினால் முரசு எளிதில் நோயுறும். முரசு நோயுற்றால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஆகவே குடும்ப மருத்துவரிடம் முரசு பற்றியும், பல் வைத்தியரிடம் நீரிழிவு பற்றியும் சொல்லுதல் வேண்டும். மருந்துப் பட்டியலையும் உடன் கொண்டு செல்க. அம்லோடிப்பின் போன்ற இரத்த அழுத்த மருந்துகள் சிலருக்கு முரசை வீங்கச் செய்யும். வேறு பல மருந்துகள் வாயை உலர்த்தும். உலர்ந்த வாய்க்கு இனிப்பை உறிஞ்சுவது வேரில் சூத்தையை வரவழைக்கும். பனங்கட்டியும் சர்க்கரையே.

சட்டம் தரும் உரிமை

நடக்க இயலாமையாலோ, கடுமையான உடல் அல்லது மனக் குறைபாட்டாலோ, வழமையான பல் வைத்திய நிலையங்களைப் பயன்படுத்த அரிதே இயலுவோருக்கு, சுகாதாரச் சட்டத்தின் 131ஆம் பிரிவு நகரசபைமீது ஒரு கடமையை விதிக்கிறது. தடுப்புக்கும் சிகிச்சைக்குமான இச்சேவைக்கு ஓம்சோர்க்ஸ் டான்ப்ளாய என்று பெயர். ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் உச்சத் தொகைக்கு மேல் பயனாளரிடம் கட்டணம் அறவிட முடியாது. சேவை முதியோர் இல்லவாசிகளுக்கு மட்டும் உரியதன்று; சொந்த வீட்டில் வாழ்வோருக்கும் உரியது. எம்மவர் இதனைத் தவறவிடுவது இவ்விடத்தில்தான். பெற்றோரை மக்கள் தாமே பராமரிக்கும் வீடுகளுக்குப் பராமரிப்பு ஊழியர் வருவதில்லை; ஆதலால் முதியவரின் வாயைப் பார்த்து நகரசபைக்குத் தெரிவிப்பாரும் இல்லை. அம்மா சோற்றைக் குழையப் பிசைந்து கேட்கிறார், அப்பா ஒரு பக்கமாகவே மெல்லுகிறார் எனில், வாயைத் திறந்து பார்க்க வேண்டியவர் மகனோ மகளோ மருமக்களோதான்.

விண்ணப்பத்தில் ‘நடக்கச் சிரமம்’ என்று மட்டும் எழுதுதல் போதாது. எத்தனை படி ஏற இயலும், துணையின்றிப் பேருந்தில் செல்ல இயலுமா, மறதி நோயால் அந்நிய இடத்தில் அச்சமுறுகிறாரா என்பவற்றை விரித்து எழுதுக. தீர்மானம் அவற்றிலேயே தங்கியுள்ளது.

இச்சேவைக்கு உட்படாத ஓய்வூதியர், சேமிப்பு குறித்த வரம்புக்குள் இருப்பின், ஹெல்பிறட்ஸ்டிலேக் என்னும் மருத்துவ உதவித்தொகைக்கு உட்பிட்டேலிங் டன்மார்க் நிறுவனத்திடம் விண்ணப்பிக்கலாம். பல் வைத்தியச் செலவில் தாம் செலுத்தும் பங்கின் 85 வீதம் வரை கிடைக்கக்கூடும். பொய்ப்பல் செய்விப்போர் வேலை தொடங்குமுன் அனுமதி பெறுதல் வேண்டும்.

நகரசபை மறுத்தால், மறுப்புக்கான காரணத்தையும் முறையீடு செய்யும் வழியையும் கடிதத்திலேயே தருதல் சட்டப்படி அதன் கடமை. அக்கடிதம் மின்னஞ்சல் பெட்டியில் படிக்கப்படாது கிடக்க விடாதீர்கள். முறையீட்டுக்கான காலக்கெடு அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.