எழுதிய கட்டளை நிற்கும்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள கயல்,

சிதம்பரத்திலிருந்து நீ எழுதியதைப் படித்தேன். இடப்பக்கம் சுவடியின் படம், வலப்பக்கம் நீ தட்டச்சு செய்யும் பாடம். இரண்டு விண்டோவையும் மவுஸால் இழுத்துச் சரிசெய்தே தினமும் சலித்துப்போகிறாய். பிளஸ் டூவில் அரசு கொடுத்த உன் லேப்டாப்பில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருக்கிறது. அதைத் திற.

டபிள்யூஎம்சிடிஆர்எல் என்ற சின்ன நிரலை நிறுவிக்கொள். டெர்மினலில் அதன் பெயரோடு ஹைஃபன் எல் சேர்த்துத் தட்டினால், திறந்திருக்கும் விண்டோக்கள் வரிவரியாக வரும்: அடையாள எண், டெஸ்க்டாப் எண், கணினியின் பெயர், தலைப்பு. முதலில் அந்தப் பட்டியலைப் படிக்கப் பழகு.

பிறகு அதே நிரலின் பெயரோடு ஹைஃபன் ஆர், விண்டோவின் தலைப்பு, ஹைஃபன் இ, அதன்பின் 0,0,0,683,768. முதல் எண்ணை 0 என்றே விடு. அடுத்த இரண்டும் விண்டோ நிற்கும் இடம். கடைசி இரண்டும் அகலம், உயரம். உன் திரையின் அகலம் 1366 புள்ளி. அதில் பாதி 683. வலப்பக்க விண்டோவுக்கு இரண்டாவது எண்ணையும் 683 ஆக்கு. முழுத்திரைக்கு விரித்த விண்டோ அசையாது. ஹைஃபன் பி கொடுத்து அந்த விரிவை முதலில் நீக்கிவிடு.

நாளை புது லேப்டாப் வாங்கினால் ஒன்றைக் கவனி. இப்போதைய லினக்ஸ்கள் பலவற்றில் விண்டோக்களைத் திரையில் காட்டும் எக்ஸுக்குப் பதில் வேலண்ட் ஓடுகிறது. அதில் ஒரு நிரல் இன்னொன்றின் விண்டோவைத் தொடக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. அதனால் அங்கே இந்தக் கட்டளை பெரும்பாலும் பலிக்காது.

இரண்டு விண்டோவுக்கான வரிகளும் சரியாக வந்ததும் ஒரு கோப்பில் சேமித்து, கீபோர்டு ஷார்ட்கட் ஒன்றோடு இணைத்துவிடு. மவுஸால் செய்தது அன்றோடு போய்விடும். எழுதிய கட்டளையைத் திருத்தலாம், இன்னொருவருக்குக் கொடுக்கலாம். இது உன் துறைக்குப் புதிதல்ல. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்த உ.வே.சா., ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டுக் கண்ட பாடபேதங்களைக் குறித்துவைத்ததால்தான் பின்வந்தவர்களால் அவர் முடிவுகளைச் சரிபார்க்க முடிகிறது.

நீயும் ஒவ்வொரு கட்டளைக்கு மேலும் அது எதற்கு என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதிவை. உனக்குப் பின் சேரும் மாணவி கேட்டால், கோப்பை அப்படியே கொடு.

அன்புடன்,
மாமா