நேட்டாலுக்குக் கப்பலேறிய தங்கை

கேள்வி: என் கொள்ளுத்தாத்தாவின் தங்கை, கல்யாணம் ஆகாத பெண், வீட்டில் கோபித்துக்கொண்டு மெட்ராஸ் போய், நேட்டால் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிவிட்டாராம். 1895-ஐ ஒட்டி நடந்திருக்கலாம். அவர் பெயரும் அப்பா பெயரும் தெரியும் (அச்சிட வேண்டாம்). அவருடைய வாரிசுகளைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, ஆரணி

பதில்: முதலில், தாலுகா ஆபீசுக்கு அலையாதீர்கள். மெட்ராஸ் மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சட்டம் வந்ததே 1899-ல்தான். உங்களுக்கு வேண்டிய தாள்கள் தென்னாப்பிரிக்காவில் இருக்கின்றன.

1860 முதல் 1911 வரை நேட்டாலில் இறங்கிய 1,52,184 ஒப்பந்தக் கூலிகளுக்கும் ஆளுக்கு ஓர் எண் கொடுத்துக் கப்பல் பட்டியலில் ஏற்றினார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்கு உதவட்டும் என்று முதலாளிகளின் அரசு எழுதிவைத்த கணக்கு. இன்று பேரப்பிள்ளைகளுக்கு அதுவே ஆதாரம். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள மச்சம், தழும்பு வரை அதில் உண்டு. க்வாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறது.

பெண்ணின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் நூற்றுக்கணக்கான முனியம்மாக்கள் வருவார்கள். அப்பா பெயரையும் கிராமத்தையும் சேர்த்துத் தேடுங்கள். ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டம். அன்று வட ஆற்காடு ஜில்லா. எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியவர். ஆகவே ஒரே பெயரை நாலைந்து விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். வயதை நம்பாதீர்கள், அது பெரும்பாலும் உத்தேசம். சாதியையும் நம்ப வேண்டாம். கப்பலேறும் முன் தங்கவைத்த டிப்போவில் மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. மாற்றிச் சொல்ல அவர்களுக்குக் காரணமும் இருந்தது. பெயரையே மாற்றியிருந்தால் தழும்பும் கிராமமும்தான் துணை.

எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒப்பந்தம் ஐந்து வருஷம். எந்தத் தோட்டம், யாரைக் கட்டிக்கொண்டார், குழந்தைகள் யார் என்பதையெல்லாம் குடியேற்றத் துறைத் தாள்களில் அந்த எண்ணை வைத்தே தொடரலாம். ஊர் திரும்பியிருந்தாலும் பல பதிவுகளில் குறிப்பு இருக்கும். அதை முதலில் பாருங்கள். பிறகு பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்திலுள்ள சொத்துக் கோப்புகள். அவற்றிலுள்ள மரண அறிவிப்புப் படிவத்தில் இறந்தவரின் பெற்றோர், துணை, பிள்ளைகள் பெயர்களைக் கேட்டு எழுதியிருப்பார்கள். அங்கே கணவர் வழிக் குடும்பப் பெயரிலும் இருக்கலாம்: கோவெண்டர், மூட்லி, நாயுடு, படையாச்சி என்று ஏதாவது ஒன்று.

மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கிராமத்தின் பழைய பெயர், குலதெய்வம் இரண்டையும் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். டர்பனிலிருந்து வேர் தேடி வருகிறவர்கள் முதலில் கேட்பதும் இவற்றைத்தான்.